அரண்மனை வரை நடக்க வைத்தவள்

என் கணவரின் அக்கா ஒரு காலை இழந்தார். அதற்குக் காரணம் நான். அவருடைய கவனக்குறைவு என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது அல்ல... நான் தெரிந்தே செய்தேன்!

முகம் சுளிக்கிறீர்களா? சுளித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்டு நான் வரவில்லை. என்னை மன்னிக்க நீங்கள் யார்? உங்கள் காலா போனது?

பவளம் என்பது அவர் பெயர். நான் மச்சாள் என்று அழைப்பேன். தாயை இழந்த என் கணவர் ராகவனைத் தூக்கி வளர்த்தவர். அதற்காகவே கல்யாணம் செய்யாமல் இருந்துவிட்டவர் என்று சொல்வார்கள். எங்களுக்குத் திருமணமான மறு ஆண்டே அவரை லண்டனுக்கு அழைத்து, ரெய்னர்ஸ் லேன் வீட்டின் முன்னறையைக் கொடுத்தோம். முன்னறையோடு அவர் நின்றாரா? சமையலறை அவருடையதாயிற்று. ராகவன் எதை உண்பது, எதை உடுத்துவது, யார் வீட்டுக்குப் போவது... எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வந்தது. விருந்தினர் முன்னால் என் கறியை ருசி பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வருவார்.

இதற்காகவா ஒருத்தியின் காலைப் பறிப்பது என்று கேட்பீர்கள். பொறுங்கள்.

எங்கள் முதற்பிள்ளை வயிற்றிலேயே கலைந்தது. நான் அப்போது ஒரு சூப்பர்மார்க்கெட்டில் நின்றபடி வேலை செய்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அறை வாசலில் நின்று மச்சாள் தம்பியிடம் சொன்னார், எனக்கும் கேட்கட்டும் என்றே சொன்னார்:

"கால் ஓரிடத்தில நிக்காமல் ஷிப்ட் ஷிப்ட் எண்டு ஓடித் திரிஞ்சால், வயித்தில என்னெண்டு பிள்ளை நிக்கும்?"

ராகவன் வாயைத் திறக்கவில்லை. அன்று நான் அழவுமில்லை. எனக்குள் ஏதோ இறுகிக் கல்லாகிப் போனது... அவ்வளவுதான்.

அதற்குச் சில மாதங்களின் பின் மச்சாளை நீரிழிவு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு ஆங்கிலம் வராது. மொழிபெயர்ப்பது எப்போதும் நான்தான். தாதி அவர் பாதங்களில் ஒரு மெல்லிய நைலான் இழையால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். மச்சாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதங்களில் உணர்ச்சி செத்துவிட்டது, காயம் பட்டாலும் வலிக்காது, புதுச் சப்பாத்துப் போட்டு நெடுந்தூரம் நடக்கவே கூடாது, நாள்தோறும் யாராவது பாதங்களைப் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். குனிய முடியாதவர், ஆகவே அந்தப் பாதங்களைப் பார்ப்பது என் வேலையாயிற்று.

ஆக, எனக்குத் தெரியும். அந்த வீட்டில் வேறெவரையும் விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்!

அடுத்த கோடையில் ராகவனின் சித்தப்பா மகளுக்கு ஒஸ்லோவில் கல்யாணம். நோர்வே, இலங்கைச் சமாதானப் பேச்சு என்று தமிழ் வானொலியில் நாளும் கேட்ட காலம். மச்சாளுக்கு அந்த நகரத்தைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. கல்யாணம் முடிந்த மறுநாள் ராகவன் உறவினரோடு மண்டபக் கணக்குவழக்கு முடிக்கப் போனார். போகும்போது, "அக்காவை ஒருக்கா டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்" என்றார்.

மச்சாள் கல்யாணத்துக்கென்று வாங்கிய கிறீம் நிறச் சப்பாத்தை அணிந்து வந்தார். புத்தம் புதியது. குதிக்கால் விளிம்பு கடினமானது. நான் பார்த்தேன். வேறு சப்பாத்துப் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்...

சொல்லவில்லை.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு வெண்கலப் புலி நிற்கிறது. அங்கிருந்துதான் கார்ல் யோஹான் வீதி தொடங்குகிறது. நேரே அரண்மனை வாசல் வரை போகிறது. மச்சாள் புலியின் வாலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"ராசா வீட்டுக்கு எவ்வளவு தூரம் பிள்ளை? ட்ராமில போவமே?"

"இதில கிட்டத்தான் மச்சாள். நடந்தால்தான் எல்லாம் பாக்கலாம்."

பேராலயத்தின் கோபுரத்தைக் காட்டினேன். பாராளுமன்றத்தின் முன்னே இருந்த கற்சிங்கங்களைக் காட்டினேன். பூச்செடிகளும் நீரூற்றும் உள்ள நீண்ட பூங்காவின் ஓரமாக, நாடக அரங்கையும் பல்கலைக்கழகத்தின் பெரிய தூண்களையும் காட்டினேன். வழியில் உட்கார எத்தனை வாங்குகள்! ஒவ்வொன்றையும் பார்த்து மச்சாள் நடையைத் தளர்த்தினார். ஒவ்வொன்றையும் தாண்டி நான் முன்னே நடந்தேன். மூச்சு வாங்கினாலும் அவர் முறையிடவில்லை. பின்னால் அந்தச் சப்பாத்தின் ஓசை கேட்டது. ஓடித் திரிகிறவளின் கால் எப்படி இருக்கும் என்று அனுபவித்துப் பார் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். சொல்லச் சொல்ல எனக்கு இனித்தது... ஆம், இனித்தது! இதைக் கேட்கவும் உங்களுக்குத் தைரியம் வேண்டும்.

அரண்மனை ஒரு மேட்டின் மேல். சரளைக்கல் பரப்பிய ஏற்றம். மச்சாள் என் தோளைப் பற்றிக்கொண்டு ஏறினார். மேலே நின்று காவலரின் தொப்பிக் குஞ்சத்தையும், கீழே நேராக நீண்டு கிடந்த வீதியையும் பார்த்தார்.

"என்ரை வாழ்க்கையில என்னை ஒருத்தரும் இப்பிடிக் கூட்டிக்கொண்டு வந்து காட்டேல்லை, பிள்ளை" என்றார்.

அப்போதாவது திரும்பியிருக்கலாம் அல்லவா? அரங்கின் பக்கத்திலேயே ட்ராம் நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "பழைய கோட்டை ஒண்டும் இருக்குது மச்சாள், கடற்கரைப் பக்கம்" என்றேன். இரட்டைக் கோபுர நகரசபையைத் தாண்டி, துறைமுகத்தைச் சுற்றி, உருளைக்கல் பாவிய பாதையில் கோட்டைக்கு ஏற்றினேன்.

கோட்டை மதிலோரம் அவர் உட்கார்ந்தார். கைப்பை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். மண்ணிறக் காலுறையின் குதிப்பக்கம் கருத்து நனைந்திருந்தது. சப்பாத்தின் கிறீம் விளிம்பில் இரத்தம்.

நிமிர்ந்தேன். மச்சாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வலியின் சாயலே இல்லை. வலிக்காதே... எப்படி வலிக்கும்?

பையைக் கையில் கொடுத்தேன். "போவமா?" என்றேன். நிலையம் வரை நடத்தியே கூட்டி வந்தேன்.

அன்று மாலை, "காலைப் பாக்கேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். "களைச்சுப் போனன் மச்சாள், நாளைக்குப் பாப்பம்" என்றேன். குளிருகிறது என்று அவர் காலுறையோடேயே படுத்தார். மறுநாள் விமானம். லண்டன் வந்ததும் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டை விட்டே ஓடினேன். பிறகு ஒரு நாள் முன்னறையிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. மச்சாளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது.

ஆஸ்பத்திரியில் ராகவன் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: இவருக்குப் பாதம் பற்றி யாரும் எச்சரிக்கவில்லையா? காயத்தை யாரும் காணவில்லையா? நான் மச்சாளிடம், "எப்ப தொடக்கம் காய்ச்சல் எண்டு கேக்கிறார்" என்றேன். அவர் பதில் சொன்னார். நான் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "எல்லாம் சொல்லியிருந்தோம். கேட்கவில்லை. காயத்தை எங்களிடம் மறைத்துவிட்டார்."

இரண்டு வாய்களுக்கும் நடுவில் நான் ஒருத்திதான் இருந்தேன். இருவரையும் ஏமாற்றினேன்!

முதலில் விரல்கள் போயின. பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். டாக்டரின் வாயால் விஷயமறிந்த ராகவன் கட்டிலருகே நின்று கத்தினார்: "சொன்னால் கேக்கமாட்டியளோ அக்கா? காயத்தை ஏன் ஒளிச்சனீங்கள்?" மச்சாள் தம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

அந்தக் கத்தலை என்னால் ஒரே வாக்கியத்தில் நிறுத்தியிருக்க முடியும். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

இன்றும் அவர் எங்கள் முன்னறையில்தான் இருக்கிறார். எஞ்சிய காலை நான்தான் பார்க்கிறேன், நாள் தவறாமல். வெட்டிய காலைத் துடைத்துத் துணி சுற்றுவதும் நான்தான். பார்க்கிறவர்கள் என்னைப் புகழ்கிறார்கள். உங்களிடம் பொய் எதற்கு... இப்போதும் அவரை எனக்குப் பிடிக்கவில்லை. கால் போனதால் அவர் நல்லவராகிவிடவில்லை. இன்றும் என் கறிக்கு உப்புக் கேட்கிறார். என் பிள்ளையைப் பற்றிச் சொன்ன சொல்லை அவர் திருப்பி எடுக்கவுமில்லை.

சென்ற வாரம் துணி சுற்றிக்கொண்டிருந்தேன். என் உச்சந்தலையைப் பார்த்தபடி மச்சாள் மெதுவாகக் கேட்டார்:

"அண்டைக்குக் கோட்டையில குனிஞ்சனீ... நீ கண்டனீ, என்ன?"

துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

"எதை மச்சாள்?"

நான் நிமிரவில்லை. ஓம் என்று ஒரு சொல்... ஒரே ஒரு சொல்! வாய்வரை வந்தது, வெளியே வர மறுத்தது.

"ஒண்டுமில்லை" என்றார். "கதவைச் சாத்திப்போட்டுப் போ. குளிருது."

சாத்திவிட்டு வந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். உள்ளே அவர் அழுகிறாரா என்று காது கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் வரவில்லை.