தொடையில் இரண்டு தட்டு

பழைய சினிமா வீரன் வெள்ளி வல்லூறு வானத்தில் பறந்துகொண்டே தொடையில் இரண்டு முறை தட்டுவானே, அதை நீங்களும் செய்தீர்களா, இல்லையா? துண்டை முதுகில் கட்டிக்கொண்டு, கட்டில்மேல் ஏறி நின்று? செய்திருந்தால், யாரைப் பார்த்துச் செய்தோம் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

காலை ஏழரைக்கு ஒரு சமையலறை மேசையருகே அது இன்னும் நடக்கிறது. ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாள் தன் கணவரின் இடக்கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி, ரப்பர் உருண்டையை அமுக்குகிறார். பட்டை இறுகுகிறது. கணவர் வலக்கையால் தொடையில் டப், டப். மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் காற்றை இறக்கிவிடுகிறார்.

கணவர் பை தைப்பவர். வயது அறுபத்தெட்டு. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் குனிந்து நுழையும் கடை. அறுந்த வார், பல் போன ஜிப், உடைந்த கொக்கி எல்லாம் அங்கே வரும். வாரைத் தைத்து முடித்ததும் அதைச் சுவர் ஆணியில் மாட்டி, இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு ஐந்து விநாடி தொங்குவார். "என்னையே தாங்குது. உங்க நாலு புத்தகத்தத் தாங்காதா?" என்பார். இப்படிச் சோதித்துத் தரும் கடை வேறெங்கும் இல்லை. இப்படிச் சோதிக்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

எந்த அறைக்குள் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பார். மகளுக்கு வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் உரிமையாளர் சமையலறையைக் காட்ட, இவர் அண்ணாந்து, "நல்ல உத்தரம். ரெண்டு ஆள் தாராளமாத் தாங்கும்" என்றார். வீடு கிடைக்கவில்லை.

இந்தப் பழக்கமெல்லாம் வெள்ளி வல்லூறு கொடுத்தது. படம் உங்களுக்கு நினைவிருக்கும். வேற்றுக்கிரக அரசன் தலையில் தங்கச் சாயம் அடித்த சல்லடை, நகரம் முழுக்க அட்டைப்பெட்டி, மேகம் பஞ்சு, வல்லூறின் போர்வை ஜன்னல் திரை. கதாநாயக நடிகர் உயரத்தைக் கண்டால் நடுங்குவார். ஆகவே பறக்கும் காட்சிகளில் முகமூடி போட்டுத் தொங்கியவர் இருபத்தைந்து வயது டூப், நம் பை தைப்பவர். இடுப்பில் தோல் பெல்ட், முதுகில் இரும்புக் கம்பி, மறுமுனையில் நான்கு பேர். எதிரே ராட்சத விசிறி. அதன் இரைச்சலில் கத்தினால் கேட்காது என்பதால் ஓர் ஏற்பாடு இருந்தது. தொடையில் இரண்டு தட்டு: "வலிக்குது, இறக்கு."

ஒரு நாள் கம்பியின் கொக்கி நழுவி விலாவுக்குக் கீழே சதையில் ஏறிவிட்டது. தட்டினார். இயக்குநர் கேமராவை நிறுத்தவில்லை. மறுபடி எடுக்கப் பிலிமும் இல்லை. அந்தத் தட்டு அப்படியே திரைக்குப் போயிற்று. ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் அதை வீர வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு மனிதனின் வலி இன்னொருவனுக்கு முத்திரையாவது உலகத்தில் புதிதா என்ன?

காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். "எப்படி ஆச்சு?" என்று கேட்ட நர்ஸிடம், "பறந்தேங்க" என்றார். அந்தப் பெண் பதிவேட்டில் 'கீழே விழுந்தது' என்று எழுதினார். அடுத்த ஆண்டு அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். பறந்த கதையை மட்டும் நம்பவில்லை. ஒருமுறை கேசட் வாங்கிவந்து போட்டுக் காட்டினார் கணவர். சல்லடைத் தலையன் வந்த பத்தாவது நிமிடமே, "இதுக்கு நான் பாத்திரம் கழுவலாம்" என்று எழுந்து போய்விட்டார் மனைவி.

போன மாதம் அந்தப் படம் மறுபடி வெளிவந்தது. தகரப் பெட்டியில் இரண்டு குறுந்தகடு, வழவழப்பான ஒரு கையேடு, விரல் நீளத்தில் ஒரு பொம்மை வல்லூறு. ஒவ்வொரு பிம்பமாகத் துடைத்துப் புதுப்பித்தார்களாம். மகள் வாங்கிவந்தாள். "அம்மா, இன்னைக்கு நீ எந்திரிச்சுப் போகக் கூடாது. அப்பா பறக்கிறதப் பாத்தே ஆகணும்."

பறக்கும் காட்சி வந்தது. வல்லூறு பஞ்சு மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தான். தொடையில் டப், டப்.

"அட, இது நீங்க பண்றதில்ல?" என்றார் மனைவி.

பை தைப்பவர் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மிக அருகில் போய் நின்றிருந்தார். "கம்பி எங்க?"

"என்னப்பா?"

"தலைக்கு மேல, வலப்பக்கமா, மினுங்கிட்டே வருமே. தியேட்டர்ல பாத்துச் சிரிப்பாங்களே."

"அழிச்சிட்டாங்கப்பா. கம்ப்யூட்டர்ல."

அவர் திரையில் வல்லூறின் தலைக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தார். "கம்பிய எடுத்துட்டா நான் விழுந்திருக்கணுமேம்மா. விழலையே."

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது தகட்டில் நடிகரின் பேட்டி. வெள்ளைத் தாடி, சாய்வு நாற்காலி. "அந்தத் தட்டு என் சொந்த யோசனை. அநியாயத்தக் கண்டா வீரனோட தொடை தானாத் துடிக்கும். பறந்ததும் நானேதான். உசுரப் பணயம் வெச்சேன்." கையேட்டில் தேநீர் கொடுத்தவர் முதல் சல்லடைக்குச் சாயம் அடித்தவர் வரை பட்டியல் இருந்தது. டூப் என்ற சொல்லே இல்லை.

மகள் கொதித்தாள். "பச்சப் பொய்! எழுதிக் கேக்கலாம்ப்பா."

"இரு பாப்பா. இவ்வளவு தெளிவாச் சொல்றாரே மனுஷன். ஊரே தட்டுச்சு. நானும் படத்தப் பாத்துட்டுத்தான் பழகிக்கிட்டேனோ என்னவோ."

பிறகு நான்கு நாள் அவர் கடையில் ஆணியில் தொங்கவில்லை. வாரைத் தைத்து, கையால் ஒரு முறை இழுத்துப் பார்த்துக் கொடுத்துவிட்டார். கூரையைப் பார்த்தார், எதற்காகப் பார்க்கிறோம் என்று விளங்காதவர்போல உடனே கண்ணைத் தாழ்த்தினார்.

கேளுங்கள். ஆதாரமில்லாமல் எந்தப் பொருளும் அந்தரத்தில் நிற்காது. இது ஐந்தாம் வகுப்புப் பாடம். கம்பி தெரிந்த காலத்தில் மக்கள் சிரித்தார்கள். ஆனால் மேலே ஒரு மனிதன் தொங்குகிறான் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தது. கம்பியை அழித்தார்கள், தொங்கியவன் போனான், இழுத்த நான்கு பேரும் போனார்கள், அற்புதம் மட்டும் மிஞ்சியது. அற்புதங்கள் எல்லாமே இப்படித்தான் தயாராகின்றன. துடைத்தவர்கள் தாங்கள் செய்தது சுத்தம் என்றே நினைத்திருப்பார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஐந்தாம் நாள் காலை, ஏழரை. மனைவி பட்டையைச் சுற்றி உருண்டையை அமுக்கினார். பட்டை இறுகியது. தட்டு வரவில்லை. இன்னும் அமுக்கினார். கணவரின் விரல்கள் சிவந்தன. வலக்கை தொடைக்கு மேல் அரையடி உயரத்தில் அப்படியே நின்றது.

"என்னங்க, தட்டலையா?"

"அது அவரோடதுன்னு சொல்றாங்களேம்மா. எனக்கு ஒண்ணும் புரியல."

அம்மாளுக்கு வந்ததே கோபம். "அவரு இடுப்பிலயா நான் பதினோரு தையல் போட்டேன்? 'பறந்தேங்க'ன்னு அவரா வந்து நின்னாரு? நான்தான் புத்திகெட்டுப்போய் விழுந்ததுன்னு எழுதித் தொலச்சேன். இத்தன வருஷமாத் தெனம் தட்டுறீங்க, எனக்கே ஒறைக்கலையே!"

கணவர் அவரைப் பார்த்து விழித்தார். நம்பினாரா என்று சொல்லத் தெரியவில்லை. அந்தரத்தில் நின்ற வலக்கையை அம்மாள் பிடித்தார். கணவரின் தொடையிலேயே வைத்து அழுத்தமாக இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு காற்றை இறக்கினார்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் பழைய கேசட் கிடக்கலாம். எடுத்துத் தூசி தட்டுங்கள். பறக்கும் காட்சியில் நிறுத்தி, தலைக்கு மேலே வலப்பக்கம் பாருங்கள். மினுங்கும். அதைப் படம் பிடித்து, தகரப் பெட்டியில் உள்ள முகவரிக்கு ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: கம்பியைத் திரும்ப வையுங்கள்.