ஏழாவது நிமிடத்தில் மூடுகிறவன்

மஸ்கட்டில் ஒரே ஒரு ஆள் இணையத்தில் வரும் என் நிகழ்ச்சியைக் கேட்கிறான் என்பது எனக்கு ஒரு கம்ப்யூட்டர் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரியும். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே போய் என் கணக்கைத் திறந்தால் வரிசையாக வரும்: எந்த நாடு, எத்தனை பேர், எத்தனையாவது நிமிடத்தில் மூடினார்கள். ஓமன், ஒருவர், ஏழு நிமிடம். வாராவாரம் வெள்ளிக்கிழமை. அந்த ஊரில் வெள்ளிதான் லீவு. அது என் தம்பி.

அது வேறு யாராகவும் இருக்கலாமே என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அவனோடு ஒரே ரூமில் தங்கியிருந்த எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துப் பையன் லீவில் வந்தபோது போய்க் கெஞ்சினேன். தம்பியின் போன் நம்பரைத் தரமாட்டேன் என்றுவிட்டான்.

“குடுத்தா என்ன ரூம விட்டே தொரத்திடுவான்க்கா. உன் பேர எடுத்தாலே எழுந்து போய்ட்றான்” என்றான்.

நிகழ்ச்சியின் இணைய முகவரியை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அவன் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டச் சொன்னேன். அம்மா பேசுகிறாள் என்று சொல், நான் என்று சொல்லாதே என்றேன். அந்தப் பையன் மஸ்கட்டுக்குத் திரும்பிய அடுத்த வாரம்தான் ஓமன் என்ற வரி முதல்முறையாக வந்தது.

என் பேரைச் சொன்னாலே எழுந்து போகிற அளவுக்கு நான் என்ன செய்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால் எனக்கே என்மேல் எரிச்சல் வரும்.

நானும் தம்பியும் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம். வண்டிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற இடம். அவன் பிரஸ் மெஷினில் கான்ட்ராக்ட் ஆள். நான் குவாலிட்டியில். காலை ஷிப்ட் தொடங்கும்போது ஒரு தாளோடு ஒவ்வொரு மெஷினாகப் போய், எண்ணெய் சரி, விளக்கு சரி, கை உள்ளே போகாமல் தடுக்கிற கார்டு சரி என்று டிக் போட்டுக் கையெழுத்து வைப்பது என் வேலை. தம்பி நின்ற மெஷினில் பத்து நாளாகக் கார்டு இல்லை. கார்டு இருந்தால் வேலை மெதுவாகும் என்று கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். நானும் பத்து நாளும் டிக் போட்டேன். பதினோராம் நாள் அவன் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரணையில் அந்தத் தாளை என் முன்னால் வைத்து, “காலையில கார்டு இருந்துச்சா?” என்று கேட்டார்கள். என் வேலை நிரந்தரமாக ஒரு மாதம்தான் பாக்கி. இருந்தது என்றேன். அப்படியானால் அவனே கழற்றியிருக்கிறான் என்று எழுதி அவனை வெளியே அனுப்பினார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கையில் கட்டோடு அவன் நின்றுகொண்டிருந்தான். கட்டுப் பிரித்த கொஞ்ச நாளில் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு வருஷமாக ஒரு போன் இல்லை.

போட்காஸ்ட் என்கிற வார்த்தையே எனக்குப் பிரவுசிங் சென்டர்க்காரர் சொல்லித்தான் தெரியும். 2008-ல் எங்கள் பக்கத்தில் அதைத் தெரிந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். “ரேடியோ மாதிரிதாம்மா, ஆனா நீயே பேசலாம், ஒலகத்துல எவன் வேண்ணாலும் கேப்பான், ஒரு டப்பு செலவில்ல” என்றார். எனக்கு உலகம் வேண்டியதில்லை. பர்மா பஜாரில் வாங்கிய கையடக்க எம்பி3 பிளேயரில் ரெக்கார்டு பட்டன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் வீட்டில் பதிவு செய்வேன். திங்களன்று காலை ஷிப்ட் முடிந்ததும் அவர் கடைக்குப் போய் ஏற்றுவேன்.

மொத்தம் இருபது நிமிடம். முதல் ஏழு நிமிடம் அம்மா. அவள் ஏரி மீன் வாங்கிக் கூடையில் வைத்து ஆரம்பாக்கத்துத் தெருக்களில் விற்பவள். மடவை என்ன விலை போயிற்று, இறால் எத்தனை நாளாக வரவில்லை, குழாயடியில் யார் யாரைத் திட்டினார்கள், சூளூர்பேட்டை ரயில் எத்தனை மணி நேரம் லேட்டு, எல்லாம் சொல்வாள். மகன் கேட்கிறான் என்று தெரிந்ததிலிருந்து வாரம் முழுக்கப் பேச்சைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தாள். “இத ஞாயித்துக்கெயம சொல்லணும், நெனப்பு வெய்யிடி” என்று எனக்கு வேறு உத்தரவு. அவளுக்குப் பிறகு நான். ஊர்ச் செய்தி, ஒரு விடுகதை, வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஏதாவது யோசனை. பதினெட்டாவது நிமிடத்தில், பேர் சொல்லாமல், நான் அவனுக்குச் சொல்ல வேண்டியது இருந்தது. கார்டு இல்லை, எனக்குத் தெரியும், பொய் சொன்னேன் என்று. சிங்கப்பூரிலிருந்து கேட்கிற ஒருசிலருக்கு அது ஏதோ கதை. அவனுக்குப் புரியும்.

பிரவுசிங் சென்டர்க்காரருக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தேன். “அத மொதல் நிமிசத்துலயே சொல்லிட்டு போயேம்மா, இன்னாத்துக்கு இந்த பேஜாரு?” என்று கேட்டார். எடுத்த எடுப்பில் என் குரலில் அதைக் கேட்டால் அவன் மூடிவிடுவான். பதினேழு நிமிடம் ஊர்ப் பேச்சு கேட்டு மனசு இளகிய பிறகு கேட்டால் ஒருவேளை நிற்பான். அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனால் அவன் ஏழாவது நிமிடத்தைத் தாண்டவே இல்லை. ஒரு வாரம் ஆறே முக்கால், ஒரு வாரம் ஏழு. பதினெட்டுக்கு இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.

தொழிற்சாலையிலிருந்து எடுத்து வந்த கட்டத்தாளில் வாராவாரம் புள்ளி வைத்துக் கோடு போட்டேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான். தகட்டில் கீறல் நாலாவது மெஷினில் கண்ணில் பட்டால் நாலாவதை யாரும் தொடமாட்டோம். மூன்றாவதில் போய்த் தேடுவோம். கோளாறு தெரிகிற இடம் வேறு, அது உண்டாகிற இடம் அதற்கு முந்தியது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஏழாவது நிமிடத்தில் மூடுகிறான் என்றால் அதற்கு முந்தி அவனைச் சலிக்க வைத்தது எது? அம்மாவின் பேச்சு. இவ்வளவு படித்துவிட்டு இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு வாரம் ஆயிற்றே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அம்மாவை நாலு நிமிடமாக வெட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை அவன் நாலாவது நிமிடத்தில் மூடினான்.

பாருங்கள், நிரூபணமாகிவிட்டது என்று பிரவுசிங் சென்டர்க்காரரிடம் கட்டத்தாளைக் காட்டினேன். அம்மா எங்கே முடிகிறாளோ அங்கே அவன் பொறுமையும் முடிகிறது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “மத்தவங்கல்லாம் ஏறிக்கினு கீறாங்கம்மா, அத பாரு” என்றார். உண்மைதான். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் எல்லாம் கூடியிருந்தன. சுருக்கமாக, நன்றாக இருக்கிறது என்று யாரோ எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தச் சிங்கப்பூரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அம்மாவை இரண்டு நிமிடமாக்கினேன். அவன் இரண்டாவது நிமிடத்தில் மூடினான்.

அடுத்த ஞாயிறு அம்மா முகம் கழுவி, புடவை மாற்றி, எதிரே வந்து உட்கார்ந்தாள். ரேடியோவில் பேசுவதற்குப் புடவை மாற்றுகிறவள் அவள். நான் பிளேயரை அவள் பக்கம் திருப்பவில்லை.

“இன்னாடி, பேட்டரி இல்லியா?”

“இந்த வாரம் நீ வேணாம்மா.”

“ஏன்? எறா வந்துச்சின்னு சொல்லணும். எதிர் ஊட்டு பொண்ணுக்கு கொயந்த பொறந்தத சொல்லணும்.”

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. வாரம் முழுக்க நின்று வேலை பார்த்த கால்வலி, அந்தக் கட்டத்தாள், எல்லாமாகச் சேர்ந்து அவள்மேல் விழுந்தன. “நீ பேசனா கேக்கறவங்க மூடிட்டு போறாங்கம்மா. கணக்கு கீது என்னாண்ட. ஒரு நிமிசங்கூட உன்ன கேக்க முடியல” என்று கத்தினேன்.

அம்மா, “அவனுமா?” என்று கேட்டாள்.

“அவனுந்தான்.”

அவள் எழுந்து போய்ப் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, வெயிலில் கூடையைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள். நான் இருபது நிமிடமும் என் குரலிலேயே பேசி முடித்தேன். இன்று நினைத்தாலும் அந்த “அவனுந்தான்” என் வாயிலிருந்து வந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஓமன் வரியில் நிமிடமே இல்லை. திறந்தவுடன் மூடியிருந்தான். அடுத்த வாரமும் அப்படியே. சனிக்கிழமை அந்த வரியைப் பார்த்துவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அழுதேன். பக்கத்தில் வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். கடைக்காரர் எனக்கு டீ வாங்கிவர ஆளனுப்பினார். எனக்குத் தெரிந்த ஒரே வழியும் போய்விட்டது. இனி எதை வெட்டுவது, எதைச் சேர்ப்பது என்று தெரியவில்லை. என் பதினெட்டாவது நிமிடம் யாரும் வராத வீட்டு வாசலில் போட்ட பந்தல் மாதிரி நின்றது.

மறுநாள் ஞாயிறு பத்து மணி இருக்கும். என் செல்போனில் நீளமாக ஒரு வெளிநாட்டு நம்பர். எடுத்தேன்.

“அம்மாக்கு இன்னா ஆச்சி?”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் குரல். அக்கா என்று கூப்பிடவில்லை.

“அம்மா நல்லா கீறாங்கடா. மீன் விக்க போயிருக்காங்க.”

“பொய் சொல்லாத. வாரா வாரம் கொறஞ்சிக்கினே வந்துச்சி. ஒடம்பு சரியில்லன்னு நெனச்சேன். ரெண்டு வாரமா கொரலே இல்ல. செத்துட்டாங்களா? எனக்கு சொல்லாம மறைக்கிறியா? உனக்கு அது புதுசா இன்னா?”

செருப்புக்கூடப் போடாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடினேன். இரு, இரு, கட் பண்ணாதே என்று சொல்லிக்கொண்டே மூன்று தெரு ஓடினேன். ரேஷன் கடைக்குப் பக்கத்தில் அம்மா கூடையை இறக்கி வைத்து ஒரு அம்மாளிடம் விலை பேசிக்கொண்டிருந்தாள். மீன் கையோடேயே போனை வாங்கினாள்.

“நைனா” என்று மகனைக் கூப்பிட்டாள். பிறகு சாப்பாடு, வேலை, கைவலி, அந்த ஊர் வெயில் எல்லாம் கேட்டாள். மீன் வாங்க வந்தவள் காத்திருந்து பார்த்துப் போய்விட்டாள். கடைசியில் அம்மா குரலைத் தாழ்த்தி, “நான் பேசனா நீ மூடிட்டு பூட்றியாமே, நைனா?” என்று கேட்டாள்.

அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். என் பக்கம் திரும்பி, “இல்லியாம்டி! நான் பேசி முடிக்கற வரைக்கும் கேட்டுட்டு, அப்புறந்தான் மூடறானாம்” என்றாள்.

அப்புறம் என்ன வருகிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கு உடனே தோன்றியது. அந்தத் தெருவில் வெயிலில் நின்றபடி கட்டத்தாளில் போட்ட அத்தனை வாரத்துக் கோட்டையும் மறுபடி மனசில் போட்டுப் பார்த்தேன். ஏழு, நாலு, இரண்டு, ஒன்றுமில்லை. ஒவ்வொரு வாரமும் அவன் மூடிய இடத்தில் என் குரல் தொடங்கியிருந்தது.

போனில் காசு தீரப்போகிறது என்றான் போலிருக்கிறது. அம்மா போனை என்னிடம் நீட்டினாள். எதிர்பார்க்காமல் கையில் வந்துவிட்டது. எழுதி வைத்து, ஒத்திகை பார்த்து, வாராவாரம் உலகத்துக்கே சொன்னது ஒன்றும் அப்போது வாயில் வரவில்லை.

“டேய், மெஷின்ல கார்டு இல்லடா. பத்து நாளா இல்ல. எனக்கு தெரியும். நாந்தான்...”

“தெரியும்” என்றான். “அம்மாவ பேச வெய். நீ பேசாத.”

போன் நின்றது. அம்மா, “இன்னாடி சொன்னான்?” என்றாள். உன்னைப் பேசச் சொன்னான் என்றேன். அவள் மீதி மீனை அப்படியே கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டு, முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

இருபது நிமிடமும் அவள்தான். இறால் வந்தது, எதிர் வீட்டில் குழந்தை பிறந்தது, அது யார் ஜாடை, எல்லாம் சொன்னாள். நடுவில் என்னால் அடக்க முடியாமல் ஒருதரம் சிரித்துவிட்டேன். ஏற்றுவதற்கு முன்னால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைத் தேடிப் பிடித்து வெட்டினேன். “மொதல்ல ஒரு வணக்கமாவது சொல்லேம்மா” என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை பக்கத்தைத் திறந்தேன். ஓமன், ஒருவர், இருபது நிமிடம். கடைசி நொடிவரை கேட்டிருந்தான். எனக்கு வேண்டியிருந்த எண் அதுதான். கட்டத்தாளை எடுத்து இருபதில் புள்ளியை வைத்துவிட்டு, அன்றைக்குக் கடைக்காரருக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டு, வீட்டுக்குப் போக மூன்றே முக்கால் ரயிலைப் பிடிக்கப் போனேன்.