ஊர்ப் பெயர் வேண்டாம்

எழுபதுகளில் தருமபுரியில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராக இருந்தேன். கிணற்றுத் தண்ணீரால் பற்களில் கறை படிவதை ஆராய நிதி கேட்டு விண்ணப்பம் எழுதவேண்டியிருந்தது. அதற்காகக் காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

கிணற்றடியில் நின்ற அம்மாள் ஒருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசினார். நான் பாட்டிலில் ஊர்ப் பெயரை எழுதியதும் அவர் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

“இது எங்க போவுதுங்க?”

“பேரு மட்டும் டெல்லிக்குப் போவும்மா. உங்க ஊர்த் தண்ணி கெட்டதுன்னு காட்டினாத்தான் பணம் குடுப்பாங்க.”

“ஐயோ, வேண்டாங்க! தை மாசம் எம் பொண்ணப் பாக்க வர்றாங்க. ஊரே கெட்டதுன்னு எழுதிட்டா எந்த வூட்டுலங்க பொண்ணு எடுப்பாங்க?”

என் கையிலிருந்த பாட்டிலை அவர் பிடித்துக்கொண்டார். சட்டென்று முந்தானையை விலக்கிப் பழுப்பேறிய பற்களைக் காட்டினார்.

“என்னைய வேணும்னா எழுதிக்கங்க. ஊர எழுதாதீங்க.”

ஊர்ப் பெயர் இல்லாமலே விண்ணப்பத்தை அனுப்பினேன். எந்த இடம் என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். அதற்குள் எனக்கு மாற்றலும் வந்துவிட்டது.

அவர் பயந்தது சரிதானா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைகள் இன்னும் குடிக்கிறார்களோ என்னவோ.