பாவு பிணைத்த காலை

கோயில் ஊரில் பிறந்தும் கோயிலுக்குப் போகாதவன் நான். கொள்கை, கிள்கை எல்லாம் கிடையாது. சாமி எதிரே நின்று என்ன பேசுவதென்று தெரியாது, அவ்வளவுதான். என் அக்காவுக்கு இதில் தீராத மனக்குறை. வெள்ளிக்கு வெள்ளி திட்டுவாள். நானும் சும்மா இருக்கமாட்டேன்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த என் மகளுக்கு அன்று காலை திடீரென்று பிரஷர் ஏறிவிட்டது. உடனே ஆபரேஷன் செய்யவேண்டும், இரண்டு உயிருக்குமே ஆபத்து என்றார் டாக்டர். நான் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, நர்ஸோடு சண்டையும் போட்டேன். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க இங்க நின்னுக்கினு இருந்தா எனக்கும் பிரஷர் ஏறிடும். வூட்டுக்குப் போங்க. நான் போன் பண்றேன்."

வீட்டு வாசலில் அக்கா, தேங்காய்க் கூடையோடு.

"வாடா, அம்மன் கோயிலுக்குப் போய்ட்டு வந்துடலாம். இன்னைக்குமா உன் வீம்பு?"

"நீ போ. எனக்கு வேலை இருக்குது," என்று தறிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வேலை இருந்தது நிஜம். சேலைக்கு நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு; பழைய பாவு முடிந்து புதுப் பாவு வந்திருந்தது. பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சேர்த்து, விரலில் சலித்த சாம்பலைத் தொட்டு முறுக்க வேண்டும். முடிச்சு போடுவதில்லை. அப்படி ஆயிரக்கணக்கில் இழைகள். விரலில் இழை இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் எழக் கூடாது என்பது எங்கள் தெருப் பழக்கம்.

அன்று விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒவ்வொரு முறுக்குக்கும் 'புள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது' என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அக்கா கிளம்பவில்லை. கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"என்னடா பண்ணிவெச்சிருக்க? பார்டர் இழையில பாடி இழைய சேத்துக்கினு போறியே."

ஆமாம். பழைய பாவின் கரை இழைகளில் புதுப் பாவின் உடல் இழைகளை வரிசையாக முறுக்கி வைத்திருந்தேன். தறி ஏறிய முதல் வருஷத்தில்கூட நான் செய்யாத தப்பு. வேறொரு நாளாக இருந்தால் தெருவுக்கே சொல்லிச் சிரித்திருப்பாள். அன்று கூடையை ஓரமாக வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தப்பையெல்லாம் பிரித்தோம். அவள் இழை எடுத்து நீட்ட, நான் முறுக்கினேன்.

"கோயிலுக்குப் போகல?"

"இது முடியட்டும், இருடா."

அடுத்த இழையை எடுத்து நீட்டினாள். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என் உதடும் அசைந்திருக்கும்போல.

போன் அடித்தது. என் விரலில் ஓர் இழை. பழக்கம் என்று சாக்குச் சொல்லலாம், எனக்குப் பயம். போனை எடுக்காதவரை என் மகள் நன்றாக இருக்கிறாள். ஓர் இழையை அவ்வளவு மெதுவாக நான் முறுக்கியதே இல்லை. மணி அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அக்காதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

மகளே பேசினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"அப்பா, பொண்ணு பொறந்திருக்குதுபா. நான் நல்லாத்தான் இருக்கேன். ஏன்பா போன எடுக்கல?"

நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உங்கப்பன் பூசையில உக்காந்திருந்தாம்மா. நடுவுல எப்படி எழுந்துக்குவான்?"