தலைவி வீட்டு ஆடு

உகம்பானி என்னும் வறண்ட சீமையில் ஆறு என்பது பெரும்பாலும் வெறும் மணல்தான். அதன் குறுக்கே கல்சுவர் கட்டினால், வெள்ளம் கொண்டுவரும் மணல் சுவரோரம் தேங்கும். அந்த மணலுக்குள் தண்ணீர் பதுங்கும். கோடையில் தோண்டிக் குடிக்கலாம். வறுமையை ஒழிக்கிறோம் என்று ஜீப்பில் வந்தவர்கள் தந்துவிட்டுப் போனது தொப்பியும் சட்டையும். சுவரைக் கட்டுவது ம்வெத்யா என்னும் ஊர்க் கூட்டுவேலைக் குழு. அதன் தலைவி சியோம்புவா.

குழுவுக்கு ஒரே சட்டம்: கல் சுமக்க வராத வீட்டு ஆடு குழுவின் பானைக்கு.

மழை நெருங்கிவிட்டது. சுவர் பாதியில் நின்றால் முதல் வெள்ளமே அடித்துக்கொண்டு போய்விடும். ஒருநாளும் வராத கடைக்காரர் கிலோன்சோவின் வாசலில், ஆட்டைப் பிடிக்கப் பெண்கள் போய் நின்றார்கள். அவர் பல் குத்திக்கொண்டே சியோம்புவாவைப் பார்த்துச் சிரித்தார்.

"உன் புருஷன் கட்டில்ல படுத்திருக்கான். மொதல்ல அவன் ஆட்டைப் பிடி, அப்புறம் என் வாசல்ல நில்லும்மா."

சியோம்புவாவுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மை. தன் வீட்டை விட்டுவிட்டால் நாளைக்கு ஒருத்தரும் கல்லைத் தொடமாட்டார்கள். நேராக வீட்டுக்கு நடந்தாள். மகள் வாயுவாவின் பெயரைச் சொல்லியே புருஷன் முலெயைக் கூப்பிட்டாள்.

"வாயுவா அப்பா, ஏன் வேலைக்கு வரல?"

"குறி சொல்றவர் சொல்லிட்டார்டி. பொம்பளைங்க கட்டுற சுவர்ல ஆம்பள கல்லு வச்சா மழை பொய்ச்சிடுமாம்" என்றான் முலெய்.

"போன வருஷம் நீங்க ஒரு கல்லையும் தொடலியே. மழை ஏன் பொய்ச்சுது?"

"அது... அது வேற."

"அந்தக் குறி சொல்றவருக்குக் குடிக்கத் தண்ணி யார் சுமக்கறா? அவர் பொண்டாட்டிதானே? மழையையே வரவைக்கிறவருக்கு ஒரு குடம் தூக்க முடியாதா?"

பதிலுக்குக் காத்திராமல், அவன் பார்த்துப் பார்த்து வளர்த்த கருப்புக் கிடாயை அவிழ்த்துக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள். முலெய் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினான்.

"அடியே, அது நம்ம ஆடுடி!"

"இப்ப குழுவோட ஆடு."

"அண்ணே, வெறுங்கையோட வந்தீங்களா?" என்று சிநேகிதி கவேனி அவன் கையில் ஒரு கல்லைத் திணித்தாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுமக்காமல் நின்றால் கறியும் கிடைக்காது என்று புரிந்ததும் முலெய் முனகிக்கொண்டே சுமந்தான். மதியம், கண்கலங்க இரண்டு தடவை கறி வாங்கிச் சாப்பிட்டான். உப்பு போதவில்லை என்று குறை வேறு.

தலைவி வீட்டு ஆடே வெந்த செய்தி கடைவீதிக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. மறுநாள் விடிந்ததும் கிலோன்சோ கைவண்டி நிறையக் கல்லோடு ஆற்றில் நின்றார்.

"எங்க இறக்கணும்மா?" என்றார், சியோம்புவாவின் முகத்தைப் பார்க்காமல்.