நாங்களே அனுப்பிவைத்த லோயர்

சிட்னியின் கிரவீனில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். மழை, வெயில், நாய்க் குரைப்பு, பாதி திறந்த கதவுகள். "எங்கட லோயர் எலெக்சனில நிக்கிறார், மறக்காமல் வோட்டுப் போடுங்கோ." எத்தனையோ வருடமாக எங்கள் சனத்தின் அகதி விசாக் கேஸ்களைப் பேசிய மனுசன், பாராளுமன்றம் போனால் எல்லாருக்கும் விடிவு என்று நம்பினேன். மற்றவர்களையும் நம்பவைத்தேன். என் தம்பியின் கேஸும் அவரிடம்தான் இருந்தது.

வென்றார். மெரிலேண்ட்ஸ் மண்டபத்தில் மாலை போட்டோம், ரோல்ஸ் சாப்பிட்டோம். அடுத்த கிழமை அவருடைய கந்தோரிலிருந்து கடிதம் வந்தது: இனி வழக்குகள் பார்ப்பதில்லை, கோப்பு வேறொருவரிடம் போகிறது.

அவருடைய தொகுதி அலுவலகத்துக்கு ஓடினேன்.

"அண்ணை, தம்பியின்ர விசாரணை வாற புதன்."

"தெரியும் தங்கச்சி. ஆனா நான் இப்ப லோயர் இல்லை."

"எம்பி தானே. அது அதைவிடப் பெரிசெல்லோ?"

"மாநில எம்பி. விசா கன்பராவில இருக்கிற மத்திய அரசின்ர கையில. என்ர கையில ரோட்டு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி." ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "ஒரு ஆதரவுக் கடிதம் தாறன், இருங்கோ."

கோபம் வரவில்லை, வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். வேறு யாரோ ஒருவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தவர்போல அவரும் அங்கே நெளிந்துகொண்டுதான் இருந்தார்.

வீட்டில் தம்பி சிரித்தான். "அக்கா, ஊரெல்லாம் திரிஞ்சு வோட்டுச் சேர்த்து, என்ர லோயரைக் குடுத்திட்டாய்." பகிடிதான். பிறகு குசினிக்குள் போய், பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

புதன்கிழமை வந்தது. புது லோயர் கெட்டிக்காரப் பிள்ளை, கோப்பை வரிவரியாகப் படித்திருந்தாள். கோப்பில் இல்லாதது ஒன்றுதான். ஊரில் அவனை அடைத்துவைத்திருந்த முகாமைப் பற்றி நேரே கேட்டால் தம்பிக்குப் பேச்சு நின்றுவிடும். பழையவர் அப்படிக் கேட்கமாட்டார். "காலமை என்ன சாப்பாடு தந்தவங்கள்?" என்று தொடங்குவார். சாப்பாட்டிலிருந்து அவன் மெல்ல மெல்ல மற்றதுக்கு வந்துசேருவான். இதை அவளிடம் சொல்லியிருக்கவேண்டும் என்பது அந்த அறைக்குள் இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"முகாமில் உங்களுக்கு என்ன நடந்தது?" அதிகாரி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். தம்பி மேசையைப் பார்த்தான். அவள் கோப்பைப் புரட்டினாள். துணைக்கு வந்தவர்கள் வாய் திறக்கக்கூடாது என்று தொடங்குமுன்பே சொல்லிவிட்டார்கள். பின்வரிசையில் நான், சாப்பாட்டைக் கேளுங்கோ, சாப்பாட்டைக் கேளுங்கோ என்று பல்லுக்குள் அரைத்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி எதையோ எழுதினார். அடுத்த கேள்விக்குப் போனார்.