பந்து வராத இடம்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருசங்கள் ஆகியிருந்தன. மொன்றியலில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஃபுட்போலுக்கான தொழில்முறை அணி ஒன்றில், முன்வரிசையில் நின்று எதிராளியை மறிப்பவனாக நான் சேர்ந்த முதல் கோடை. பள்ளிக்கூடத்தில் என் உடம்புக்கு உட்கார இரண்டு கதிரை வேண்டும் என்று பகிடி பண்ணியவர்கள் எல்லாம் இப்போது டிக்கெட் கேட்டார்கள்.

அப்பா டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவர். முதல் ஆட்டத்துக்கு லீவு போட்டு, கோட்டு மாட்டி, தொலைநோக்கியும் கொண்டு வந்தார். திரும்பும்போது கார் லவால் பாலம் தாண்டியதும் கேட்டார்.

"தம்பி, உனக்கு ஏன் பந்து தரேல்லை?"

"எனக்குத் தரமாட்டினம் அப்பா. பந்து வச்சிருக்கிறவனை ஒருத்தரும் விழுத்தாமல் மறிக்கிறதுதான் என்ர வேலை."

"ஒருக்காக்கூடவோ? தமிழ்ப் பெடியன் எண்டு ஒதுக்கினமோ? திங்கட்கிழமை நான் வந்து உன்ர கோச்சோட கதைக்கிறன்."

சொன்னால் செய்கிற மனிதர். பிரெஞ்சில் எனக்குப் புள்ளி குறைந்தபோதெல்லாம் டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தவர். அணியில் கடைசியாகச் சேர்ந்தவன் நான்; என் இடம் எப்போது காலியாகும் என்று வேறொருவன் பார்த்துக்கொண்டிருந்தான். என் பிள்ளைக்குப் பந்து தா என்று ஒரு தகப்பன் கோச்சின் கதவைத் தட்டினால் என் கதை முடிந்தது. அம்மாவிடம் முறையிட்டேன். "மறிக்கிறது உன்ர வேலையெண்டாய், அப்பாவையும் மறியன்" என்று சிரித்தார்.

இடையில் ஞாயிற்றுக்கிழமை கோயில் தேர். அப்பாவுக்கு அங்கே வருசா வருசம் ஒரே வேலை: சரிவில் தேர் ஓடிவிடாமல் சில்லுக்குக் கட்டை போடுவது. வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்தபடி, சில்லோடு சில்லாக நடந்தார். சனமெல்லாம் மேலே பார்த்து அரோகரா என்றது. தேர் இருப்பிடத்துக்கு வந்ததும் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சுவாமியைப் பாத்தனீங்களோ அப்பா? சாத்துப்படி நல்ல வடிவு."

"நான் எங்க பாக்கிறது? கண் எடுத்தால் சில்லு ஆரின்ர காலிலயாவது ஏறிப்போடும்."

"சுவாமியும் பாக்கேல்லை, வடமும் பிடிக்கேல்லை. பிறகேன் உங்களை வச்சிருக்கினம்? நான் ஐயரோட கதைக்கட்டோ?"

முறைத்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறகு கட்டையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "வாயைப் பார் இவன்ர" என்றார். உதட்டில் சிரிப்பு தெரிந்தது. திங்கட்கிழமை டை அலுமாரியை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த ஆட்டத்தில் எங்கள் ஆள் ஒருவன் பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். அரங்கம் முழுக்க எழும்பி அந்தப் பக்கம் பார்த்துக் கத்தியது. நான் இந்தப் பக்கம், மறித்து விழுத்தியவனுக்கு மேலேயே விழுந்து கிடந்தேன். எழும்பிப் புல்லைத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை தலையும் அங்கே திரும்பியிருக்க, ஒரே ஒரு தொலைநோக்கி மட்டும் என் பக்கம் இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையசைத்தேன். அப்பா பதிலுக்குக் கையசைக்கவில்லை. கண் எடுக்கக்கூடாத வேலையில் இருந்தார்.